பிரமிட்ல ஏறல, சாந்துல கல்லு பாத்தேன்

மெக்சிகோ சிட்டில என்கூட ஒரே ரூம்ல இருந்த கொலம்பியாக்காரி 2025 மே மாசம் ஒரு நியூஸ் லிங்க் அனுப்பிட்டு கீழ சிரிப்பு பொம்மையா போட்டுத் தள்ளியிருந்தா. என்னன்னு பாத்தா மெக்சிகோ சிட்டி பக்கத்துல தெயோதிவாக்கான்னு ஒரு பாழடஞ்ச பழைய ஊரு இருக்கு, அங்க நிலா பிரமிட்ட திரும்பவும் தொறந்துட்டாங்களாம், மொத தட்டு வரைக்கும் ஏறலாமாம். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு மூடினது. நாங்க ரெண்டு பேரும் போனது 2023 செப்டம்பர்ல, அப்ப சூரியன், நிலான்னு அங்க இருக்கற ரெண்டு பிரமிட்லயும் ஒரு படி கூட ஏற விடல, கயித்தக் கட்டி வச்சு ஒரு காவலாளி விசில வாயிலயே வச்சுக்கிட்டு நின்னார். வயித்தெரிச்சல் தாங்கல போங்க. அந்த எரிச்சல்லதான் ட்ராப்ட்லயே கெடந்த இந்த போஸ்ட்ட தூசி தட்டி எடுத்திருக்கேன்.

நான் அங்க என்ன பண்ணிட்டு இருந்தேன்னு மொதல்ல சொல்லிடறேன். கோவில்பட்டிப் பக்கம் நமக்கு. சிவில் முடிச்சுட்டு மண்ணு, அஸ்திவாரம்னு மேல படிச்சதுல ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுல மெக்சிகோ சிட்டி கெடச்சுது. மண்ணு படிக்கறவங்களுக்கு அந்த ஊரு காசி ராமேஸ்வரம் மாதிரி. ஏன்னா ஊரே ஏரி மேல இருக்கு. அஸ்டெக் ஆளுங்க ஏரி நடுவுல தீவுல கட்டின தலைநகரத்த ஸ்பெயின்காரங்க இடிச்சுட்டு அது மேலயே அவங்க ஊரக் கட்டி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏரியவும் வடிச்சுட்டாங்க, இப்ப அடில இருக்கறது பூரா தண்ணி குடிச்ச களிமண்ணு, நிலத்தடித் தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச ஊரு எறங்கிக்கிட்டே போகுது. ஃபீல்ட் விசிட்டுன்னு எங்க சார் கூட்டிட்டுப் போனதெல்லாம் சாஞ்ச சர்ச்சு, கோணின நெலக்கதவு, ரோட்ட விட்டு கீழ எறங்கிப்போன வாசப்படி. ஒன்றரை மாசம் இதையே பாத்து பாத்து எனக்கே கழுத்து சாஞ்ச மாதிரி ஆயிருச்சு. நேரா நிக்கற ஒன்னப் பாக்கணும்னு தோணுச்சு, அவ்ளோதான் காரணம்.

சார்கிட்ட சொன்னப்ப அவர் சொன்னது இவ்ளோதான், "ஏற முடியாது, தெரியும்ல? பரவால்ல. சுவத்துல சாந்து இருக்கும், அந்த சாந்துல சின்னச் சின்னக் கல்லு பதிச்சிருக்கான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு." ஏன்னு கேட்டா சொல்லல. வாத்தியாருங்க எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான்.

காலைல ஆறு மணிக்கே கெளம்பிட்டோம். மெட்ரோல அஞ்சாம் நம்பர் லைன், மஞ்சக் கலரு, டிக்கெட் அஞ்சே பெசோ, அந்த ஊர்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே அதுதான். இன்னொன்னு, அங்க ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் இருக்கு, 1969ல மெட்ரோ ஆரம்பிச்சப்ப எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் கண்டுபுடிச்சு எறங்கணும்னு போட்டது, ஸ்பானிஷ் தெரியாத எனக்கும் அதுதான் மொத மாசம் பூரா சோறு போட்டுச்சு. பஸ் படம் போட்ட ஸ்டேஷன்ல எறங்கினா எதுத்தாப்ல வடக்கு பஸ் ஸ்டாண்டு. உள்ள போய் "பிரமிடேஸ்"னு சொன்னா போதும், கை காட்டிருவாங்க. ஊர்லேர்ந்து அம்பது கிலோமீட்டர் இருக்கும், வடகிழக்கால. போற வழில மலை பூரா பெட்டி பெட்டியா கலர் கலரா வீடுங்க, ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்த மாதிரி, பாதி வழில ஒருத்தர் கிடாரோட ஏறி மூணு பாட்டுப் பாடி தொப்பிய நீட்டிட்டு எறங்கிப் போனார். ரூம்மேட் தூங்கிட்டா. நான் ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டிட்டு உக்காந்திருந்தேன்.

ரெண்டாம் கேட்டுல எறங்கினப்பதான் ஸ்டூடன்ட் கார்ட ரூம்லயே விட்டுட்டு வந்தது தெரிஞ்சுது. அந்த நாட்டு ஸ்டூடன்ட் கார்டு இருந்தா டிக்கெட்டே இல்ல. ரூம்மேட் கார்ட நீட்டிட்டு மகாராணி மாதிரி உள்ள போயிட்டா, நான் முழு டிக்கெட் எடுத்தேன். திரும்பி வர்ற வரைக்கும் இதச் சொல்லிச் சொல்லியே சிரிச்சா.

உள்ள போனா சூரிய பிரமிட். போட்டோல எவ்ளோ பாத்தாலும் அது வேற. உயரம் ஒரு 65 மீட்டர், நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் எவ்ளோ அவ்ளோதான், ஆனா விமானம் மேல போற உயரம், இது பரந்து கெடக்கற உயரம். அடில ஒரு பக்கம் மட்டும் 225 மீட்டர். எகிப்துல இருக்கற பெரிய பிரமிடுக்கும் அடி அகலம் கிட்டத்தட்ட இதேதான், உயரம் மட்டும் இத விட ரெண்டு மடங்குக்கு மேல. உள்ள ராஜா சமாதியும் கெடையாது. பெரும்பாலும் மண்ணு, பத்து லட்சம் கன மீட்டர் கிட்ட, ஒரு மாட்டு வண்டி கெடையாது, ஒரு கழுத கெடையாது, சக்கரம் வச்ச எதுவும் கெடையாது, எல்லாம் மனுஷங்க முதுகுல சுமந்து கொட்டினது. மேல கல்லு, கல்லு மேல சுண்ணாம்பு, சுண்ணாம்பு மேல செவப்பு. ஆமா, இப்ப சாம்பலும் பழுப்புமா நிக்கற இந்த ஊரு அப்ப செக்கச்செவேல்னு இருந்திருக்கு. நான் அங்க நின்னு கண்ண மூடி செவப்பா நெனச்சுப் பாத்தேன், சரியா வரல, திருவிழா பந்தல் மாதிரிதான் வந்துச்சு.

ஏற முடியாதுங்கறதால என்ன பண்றது, சுத்தினோம். சுவத்த ஒட்டி ஒட்டி நடந்தோம். அப்பதான் சார் சொன்னது ஞாபகம் வந்து கிட்டப் போய் பாத்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சாந்துல, கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி, சுண்டு விரல் நகம் அளவுக்கு கருங்கல்லு சில்லு வரிசையா பதிச்சிருக்கு. ஒரு எடத்துல இருக்கு. ஒரு எடத்துல இல்ல. இன்னொரு எடத்துல பூரா அதுதான். அங்க நின்ன ஒரு கைடு அவர் கூட்டிட்டு வந்த குரூப்புக்குச் சொல்லிட்டு இருந்தத ரூம்மேட் எனக்கு மொழிபெயர்த்தா, சில்லு பதிச்ச எடமெல்லாம் பிற்பாடு எடுத்துக் கட்டினது, சில்லு இல்லாததுதான் பழசு, பின்னாடி வர்றவங்க ஏமாறக்கூடாதுன்னு ரிப்பேர் பண்றவங்க விட்டுட்டுப் போற அடையாளம் அது. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லுன்னு நான் தடவித் தடவிப் பாத்துட்டு இருந்த சுவரு பூரா புள்ளி.

கத என்னன்னா, 1905லேர்ந்து 1910 வரைக்கும் லெயோபோல்தோ பாத்ரேஸ்னு ஒருத்தர் இந்த சூரிய பிரமிட்டத் தோண்டியிருக்கார். அப்ப நாட்ட ஆண்டது போர்ஃபிரியோ தியாஸ், 1910 சுதந்திரப் போர் ஆரம்பிச்சதோட நூறாவது வருஷம், அதுக்குள்ள உலகத்துக்குக் காட்ட ஒன்னு ரெடியாகணும். அதுவரைக்கும் அது செடி மொளச்ச ஒரு குன்று மாதிரிதான் கெடந்திருக்கு. இவர் மேல மண்ண எடுக்கறேன்னு ஆரம்பிச்சு பிரமிடோட தோலையும் சேத்து பல மீட்டருக்கு உரிச்சுட்டார். அது போதாதுன்னு இல்லாத ஒரு தட்ட வேற சேத்துக் கட்டிட்டார்ங்கறாங்க. அதாவது இன்னைக்கு எல்லாரும் செல்ஃபி எடுக்கற அந்த உருவம் அதக் கட்டினவங்க பாத்த உருவமே இல்ல. மண்ணு படிக்கறவளா எனக்கு அதுதான் ஆறல. டெட்லைனுக்காக ஒரு மண்மேட்டோட மேல்தோல உரிக்கறதுங்கறது, உள்ள இருக்கற மண்ணு மழைக்கு நிக்குமா நிக்காதான்னு யோசிக்காம... சரி விடுங்க, நூறு வருஷத்துக்கு முந்தி செத்தவர் மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது. ஆனா நியாயமாச் சொன்னா அவர் தோண்டலன்னா நான் அங்க பஸ் ஏறிப் போயிருக்கவும் மாட்டேன்.

பேரு விஷயமும் இப்படித்தான். தெயோதிவாக்கான்கறது அந்த ஊர்க்காரங்க வச்ச பேரு இல்ல. ஊரு எழும்ப ஆரம்பிச்சது கிமு 100 வாக்குல, உச்சத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல இருந்திருக்காங்க, 20 சதுர கிலோமீட்டர், அந்தக் காலத்து உலகத்துலயே பெரிய ஊர்கள்ல ஒன்னு. கிபி 550 வாக்குல பெரிய நெருப்பு. அதுவும் மெயின் ரோட்டோரம் இருந்த கோயிலும் பெரிய கட்டடமும்தான் எரிஞ்சிருக்கு, சாதாரண வீடுங்கள பெருசா தொடல, அதனால வெளியாள் படையெடுப்பு இல்ல, உள்ளூர் ஜனங்களே பொங்கி எந்திரிச்சிருக்கணும்னு பல பேர் சொல்றாங்க. அதுக்கப்புறம் பல நூறு வருஷம் கழிச்சு வந்த அஸ்டெக் ஆளுங்க இந்தப் பாழடஞ்ச ஊரப் பாத்து மெரண்டு போய் இத சாமிங்கதான் கட்டியிருக்கணும்னு நெனச்சு அவங்க நாவாட்ல் மொழில பேரு வச்சாங்க, தெய்வங்கள் உருவான எடம்னு அர்த்தம் சொல்றாங்க. சூரியன், நிலாங்கற பேரும் அவங்க வச்சதுதான். நடுவுல போற அகல ரோட்டுக்கு இறந்தோர் வீதின்னு பேரு, ரெண்டு பக்கமும் இருந்த மேடெல்லாம் சமாதின்னு நெனச்சுட்டாங்க, தோண்டினா கோயில் மேடையும் வீடும்தான். ஊரக் கட்டினவன் என்ன மொழி பேசினான்னே இன்னும் உறுதியா சொல்ல முடியல, ஒரு ராஜா பேரு கூட கெடையாது. பெரிய கோயில் சுவத்துல ஆடற பொண்ணுங்க நானூறு பேரோட பேரையும் எந்தத் தெருவுல எந்த வீடுங்கறதையும் வெட்டி வச்ச ஊர்லேர்ந்து போனவளுக்கு அந்த வெறும் சுவத்தப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு.

நிலா பிரமிட் வரைக்கும் நடக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. எடம் 2300 மீட்டர் உயரம், கொடைக்கானல விட ஜாஸ்தி, சூடே தெரியாத வெயிலு, ஆனா தோல சுடும், நான் சன்ஸ்கிரீன் போடல, நைட்டு மூக்கு மட்டும் தனியா தோலுரிஞ்சுது. நிலா பிரமிட் 43 மீட்டர்தான், ஆனா அது நிக்கற தர மேடு, அதனால ரெண்டு பிரமிட் உச்சியும் தூரத்துலேர்ந்து பாத்தா ஒரே மட்டத்துல தெரியுது. பின்னாடி ஒரு மலை. ரோட்டு மேல நின்னு பாத்தா பிரமிட் அந்த மலையோட குட்டி மாதிரி அதே சரிவுல உக்காந்திருக்கு. லெவல் மெஷின் இல்லாத காலத்துல இத எப்படிப் புடிச்சாங்கன்னு அங்கயே உக்காந்து ரொம்ப நேரம் பாத்தேன். கயிறு கட்டின எடத்துல அந்த விசில் காவலாளி. மொத படிக்கும் எனக்கும் நாலடிதான் தூரம். ரூம்மேட் கால மட்டும் நீட்டிப் பாத்தா, பீப்.

யாவாரிங்களப் பத்திச் சொல்லணும். ஊரு பூரா திடீர் திடீர்னு ஜாகுவார் உறுமற சத்தம், மொத தடவ எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு, பாத்தா மண்ணுல செஞ்ச விசிலு, ஜாகுவார் தல மாதிரி, ஊதி ஊதி விக்கறாங்க. அப்புறம் அப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. அந்த ஊரோட சம்பாத்தியமே அந்தக் காலத்துல இதுதான், பச்சுகா பக்கம் மலைலேர்ந்து பச்சக் கலர் கல்லு கொண்டாந்து கத்தி, அம்பு முனைன்னு செஞ்சு ரொம்ப தூரம் அனுப்பியிருக்காங்க. ஒரு பெரியவர் என்னக் கூப்புட்டு கருப்பா ஒரு தட்டக் கண்ணு முன்னாடி தூக்கிப் புடிச்சு சூரியனக் காட்டினார், கருப்புல ஒரு தங்கப் பளபளப்பு ஓடுச்சு, எண்ணெய் மேல வெளிச்சம் பட்டாப்ல. "காசி க்ராதிஸ், அமீகா"ன்னார். கிட்டத்தட்ட ஓசிதான்னு அர்த்தம். வெலையக் கேட்டா ஓசிக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

சூரிய பிரமிடுக்குப் பின்னாடி அஞ்சாம் கேட் வழியா வெளிய போனா தெபன்தித்லான்னு ஒரு எடம். பாதிப் பேர் அங்க போறதில்ல. நீங்க போனா பிரமிட்டக் கம்மியா பாத்தாலும் பரவால்ல, இத விட்றாதீங்க. இது வீடு. அந்த ஊர்ல ரெண்டாயிரத்துக்கும் மேல இந்த மாதிரி குடியிருப்பு இருந்திருக்கு, ஒவ்வொன்னுலயும் பல குடும்பம், சுத்தி ரூமு, நடுவுல வானம் பாத்த முத்தம், முத்தத்துல விழற மழத்தண்ணி வெளிய போக தரைக்கு அடில சாக்கட. எங்க ஆச்சி வீடு மாதிரியே. தரைக்கு அடிலயே செத்தவங்களையும் பொதச்சிருக்காங்க, அது ஆச்சி வீட்ல இல்ல.

அங்க ஒரு சுவத்துல செவப்புப் பின்னணில சின்னச் சின்ன மனுஷங்க, உள்ளங்கை அளவுதான், நூறு பேராவது இருப்பாங்க. ஒருத்தன் பட்டாம்பூச்சி தொரத்தறான், சில பேர் குச்சி வச்சு பந்து அடிக்கறாங்க, ஒருத்தனோட கையையும் காலையும் ஆளுக்கு ஒன்னா நாலு பேர் புடிச்சுத் தூக்கறாங்க, பர்த்டே பம்ப்ஸ் குடுக்கற ஹாஸ்டல் பசங்க மாதிரி. வாயிலேர்ந்து கமா மாதிரி ஒரு சுருள் வந்தா பேசறான் இல்ல பாடறான்னு அர்த்தம். எல்லாரும் ஆடிப் பாடிட்டு இருக்கறப்ப கீழ ஓரத்துல ஒரு ஆளு மட்டும் கைல ஒரு கெளைய வச்சுக்கிட்டு கண்ணுலேர்ந்து சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுட்டு நிக்கறான். வாயிலேர்ந்து சுருளா வந்துட்டே இருக்கு, அவ்ளோ பேசறான். என்ன சொல்றான்னு யாருக்கும் தெரியாது. நான் குனிஞ்சு பாத்தேன், முழங்கால் போட்டுப் பாத்தேன். போட்டோ எடுக்கலாம்னு போனா பிரமிட்டயே முந்நூறு எடுத்துத் தள்ளினதுல போன் செத்துப் போச்சு. ரூம்மேட் போன்ல எடுத்தது ஆடிப்போய் இருக்கு. அதனால படம் இல்ல, திட்டாதீங்க.

பக்கத்துலயே ஒரு கடைல சாப்பாடு. நீலச் சோளமாவுல உள்ள பீன்ஸ் வச்சுத் தட்டின த்லகோயோ, மேல நோபால் வதக்கிப் போட்டிருந்தாங்க. நோபால்னா வேற ஒன்னும் இல்ல, நம்ம சப்பாத்திக்கள்ளி, முள்ளச் சீவிட்டு கறி பண்றாங்க, வெண்டக்கா மாதிரி கொழகொழன்னு இருக்கும், எனக்குப் புடிச்சுது. அப்புறம் கள்ளிப்பழம், தூனான்னு பேரு. சின்ன வயசுல கம்மாக்கரைல செவப்புக் கள்ளிப்பழத்தப் பறிச்சு மண்ணுல போட்டுத் தேச்சு, உள்ள இருக்கற நட்சத்திர முள்ளப் பாத்து எடுத்துட்டுத் திங்கறது, முள்ளு தொண்டைல மாட்டினா ஆளு காலின்னு பயமுறுத்துவாங்க, வாயெல்லாம் செவந்து போய் வீட்டுக்கு வந்து அடி வாங்கறது. இங்க அதயே தோலுரிச்சு ஐஸ்ல போட்டு கிளாஸ்ல விக்கறாங்க.

கடைக்குப் பின்னாடி ஒரு தாத்தா டூரிஸ்டுங்களுக்கு செஞ்சு காட்டிட்டு இருந்தார். பெரிய மகேய் செடி, நம்ம ரயில் கத்தாழை குடும்பம், இது யானைக்குட்டி சைசுல. எல தோல உரிச்சு காகிதம் மாதிரி காட்டினார், நுனி முள்ளோட நார இழுத்து ஊசியும் நூலுமா காட்டினார். நடுக் குருத்த வெட்டி குழி பண்ணி விட்டா அதுல தண்ணி ஊறும், பேரு அகுவாமியெல், தேன் தண்ணி. அன்னைக்கே குடிச்சா தித்திப்பு. வச்சிருந்து புளிச்சா புல்கே, வெள்ளையா நொரச்சுக்கிட்டு. ரூம்மேட் இத எனக்குக் கஷ்டப்பட்டு வெளக்கினா. எனக்கு எதுக்குடி வெளக்கம், பதநீரும் கள்ளும்னு ரெண்டு வார்த்தைல முடிஞ்சுது. குடிச்சுப் பாத்தியான்னு கேக்காதீங்க, வீட்ல இதப் படிக்கறாங்க.

அப்புறம் ஒரு நோபால் மடல எடுத்து அதுல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருந்ததக் காட்டினார். அத வழிச்சு என் நோட்டக் குடுன்னார், குடுத்தேன், பேப்பர்ல வச்சு நசுக்கினார். ரத்தம். அப்படி ஒரு செவப்பு, கண்ணு கூசற மாதிரி. பூச்சி, கொச்சினியல். அது மேல ஒரு சொட்டு எலுமிச்சை புழிஞ்சார், ஆரஞ்சா போச்சு. இன்னொரு பக்கம் கொஞ்சம் சமையல் சோடா தண்ணி, கத்திரிப்பூ கலர். ஒரே பூச்சி. ஸ்பெயின்காரங்க ஆண்ட காலத்துல வெள்ளிக்கு அடுத்து இதுதான் இங்கேர்ந்து கப்பல் கப்பலா போச்சு, எங்கேர்ந்து வருது எப்படி வருதுன்னு வெளில விடாம பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க.

இதுல நமக்கு ஒரு தொடுப்பு இருக்கு, அன்னைக்கு எனக்குத் தெரியாது, ரூமுக்கு வந்து தேடினப்பதான் கெடச்சுது. 1700கள் முடியற சமயத்துல மெட்ராஸ்ல ஆண்டர்சன்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர், இந்தச் செவப்புச் சாயத்த நாமளே பண்ணிட்டா ஸ்பெயின்காரன்கிட்ட வாங்க வேண்டாமேன்னு சைதாப்பேட்டைல கள்ளித் தோட்டமே போட்டிருக்கார், பூச்சி வளக்க. சாயம் சொன்ன மாதிரி வரல. ஆனா மெக்சிகோ பக்கத்துக் கள்ளி நம்ம ஊர்ல காடு மேடெல்லாம் பரவி நெலத்தப் புடிச்சுக்கிச்சு, அப்புறம் 1920கள்ல அதே கொச்சினியல் குடும்பத்துப் பூச்சி ஒன்ன விட்டுத்தான் கள்ளிய ஒடுக்கினாங்க. அதாவது நான் கம்மாக்கரைல தின்ன பழத்துக்கு சொந்த ஊரு இந்தப் பக்கந்தான். கொழம்புல போடற மொளகாக்கும் தக்காளிக்கும் கூடத்தான், ஆனா அது எல்லாருக்கும் தெரிஞ்சது.

சாப்டு முடிக்கறப்ப மேகம் கட்டிருச்சு. அங்க செப்டம்பர்ல மத்தியானம் ஆனா மழ, கடிகாரம் மாதிரி. ஓட்டமும் நடையுமா தெக்கால சியுதாதேலாவுக்குப் போனோம், ஒரு பக்கம் 400 மீட்டர் இருக்கற பெரிய சதுரம், அதுக்குள்ள இறகு வச்ச பாம்புக் கோயில். முன்னாடி இன்னொரு மேடைய வச்சு மறச்சதால பின்னாடி இருந்த செதுக்கல் அப்படியே தப்பிச்சிருக்கு. பூவுக்குள்ளேர்ந்து தலய நீட்டற பாம்பு, வாயப் பொளந்து பல்லு காட்டிட்டு, சில கண்ணுல இன்னும் அந்தக் கருப்புக் கண்ணாடிக் கல்லு. இங்க சாந்துல புள்ளி தேடினேன். செதுக்கல் இருக்கற முகப்புல பெரும்பாலும் இல்ல. நிம்மதியா இருந்துச்சு. ஆனா அந்த நிம்மதி ரொம்ப நேரம் இல்ல, இதுக்கு அடிலயும் சுத்தியும் நூத்துக்கும் மேல எலும்புக்கூடு எடுத்திருக்காங்க, நெறைய பேருக்கு கை பின்னாடி கட்டின நெலம, கோயில் கட்டறப்பவே பலி குடுத்தது. அந்தப் பாம்பு சிரிக்கற மாதிரி இருந்தது அதுக்கப்புறம் சிரிக்கற மாதிரி தெரியல.

மழ கொட்டிருச்சு. மொத கேட்டு பக்கத்துல ஒரு விசில் யாவாரி தார்ப்பாய்க்கு அடில இழுத்து நிக்க வச்சார், இருபது பேர் நெருக்கி நின்னோம். அப்ப 2003 மழ ஞாபகம் வந்துச்சு, சார் கிளாஸ்ல சொன்னது. அந்த வருஷம் பெரிய மழைல இந்தக் கோயிலுக்கு முன்னாடி தரைல ஒரு குழி விழுந்திருக்கு. செர்ஹியோ கோமெஸ்னு தொல்லியல்காரர் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கிப் பாத்திருக்கார். உள்ள ஒரு சுரங்கம், 100 மீட்டர், கோயிலுக்கு நேர் அடிக்குப் போகுது. கட்டினவங்களே கல்லும் மண்ணும் போட்டு அடச்சு மூடினது, ஆயிரத்து எண்ணூறு வருஷம் யாரும் போகல. அத எடுக்க எடுக்க சங்கு, பச்சக்கல்லு செல, ரப்பர் பந்து, ஜாகுவார் எலும்புன்னு வந்துக்கிட்டே இருந்திருக்கு, 2015ல பாதரசம், தண்ணியா ஓடற பாதரசம். சுவரு பூரா ஏதோ மினுக்கற பொடி தடவியிருக்கு, பந்தம் புடிச்சா நட்சத்திரம் மாதிரி தெரியணும்னு. நம்ம சப்ஜெக்ட்ல குழி விழுந்தா கெட்ட செய்தி. இது ஒன்னுதான் நல்ல குழின்னு சார் சொல்லுவார்.

தார்ப்பாய்க்கு அடில நின்னப்ப ரூம்மேட் இன்னொன்னும் சொன்னா, மியூசியத்துல படிச்சதாம். இந்த ஊரோட மேற்கு ஓரத்துல ஓவாஹாகா ஆளுங்க தெரு ஒன்னு இருந்திருக்கு, நானூறு கிலோமீட்டர் தெக்கேர்ந்து வந்து குடியேறின சபோடெக் ஜனங்க. நூத்துக்கணக்கான வருஷம் இங்கயே இருந்தும் பானை அவங்க ஊரு மாதிரி, சமாதி அவங்க ஊரு மாதிரி. வீடு மட்டும் இந்த ஊரு டிசைன். "உன் ரூம் மாதிரி"ன்னா. என் ரூம்ல குக்கரும், ரசப்பொடி டப்பாவும், முருகன் காலண்டரும் இருக்கு. சிரிச்சேன், ஆனா பஸ்ல அதையேதான் நெனச்சுட்டு வந்தேன், அவங்களும் ஊர்லேர்ந்து யாராவது வந்தா பொடி ஏதாவது கொண்டாரச் சொல்லியிருப்பாங்களான்னு.

நைட்டு அம்மாவுக்கு போன் போட்டா, "அவ்ளோ தூரம் போயி ஏறலியாட்டி?"ன்னாங்க. ஏற விடலம்மா. "பெறகு என்னத்தத்தான் பாத்த?" கள்ளிப்பழம் தின்னேம்மான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "முள்ளப் பாத்து எடுத்தியா?"

திங்கக்கெழம லேப்ல சார் ஏறலியான்னெல்லாம் கேக்கல, கல்லு பாத்தியான்னுதான் கேட்டார். பாத்தேன் சார், கல்லு இல்லாத எடத்தத்தான் சார் தேட வேண்டியிருந்துச்சுன்னேன். வாய் விட்டுச் சிரிச்சுட்டு மெஷின்ல சாம்பிள் ஏத்தப் போயிட்டார்.

இத எழுதறதுக்காக அந்த நோட்ட இன்னைக்கு பெட்டிலேர்ந்து எடுத்தேன். களிமண்ணு எவ்ளோ எறங்கும்னு போட்ட கணக்கு ஒன்னு பாதில நிக்குது, அது மேல தாத்தா நசுக்கின பூச்சி. செவப்பு அப்படியே இருக்கு. எலுமிச்சை பட்ட எடத்துல பேப்பர் கொஞ்சம் பொத்துப் போயிருக்கு, கத்திரிப்பூ கலர் மட்டும் அடுத்த பக்கத்துலயும் ஒட்டிக்கிச்சு.